இடியின் குரலைக் குறைத்தவன்

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா… ஒயர் மேல நிக்கிறீங்க."

அவன் அவளிடம் முதலில் பேசியது இதைத்தான். மழையில் தொப்பலாக நனைந்து, கூட்டத்தில் இடிபட்டு, எப்படியோ அந்தக் கிளப்புக்குள் நுழைந்திருந்தவளுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. மேடையில் பாடுவது என் அப்பா, இவனுக்கு ஒயர் பெரிதாகப் போய்விட்டதா என்று திரும்பினாள். திரும்பியவள் ஒரு நொடி திட்ட மறந்தாள். அந்தக் கண்கள்… தூக்கம் கெட்ட, ஆனாலும் சிரிக்கத் தெரிந்த கண்கள். அதற்கும் சேர்த்து எரிச்சல்தான் வந்தது.

அவள் பல் டாக்டர். அப்பா ராக் பாடகர். ஒரு காலத்தில் மைதானங்களை நிரப்பியவருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'இடி'. இப்போது வயதாகிவிட்டது. நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும் இந்தச் சின்னக் கிளப்தான் கிடைத்தது. இன்றைக்கு ஜனங்களுக்கு என் குரல் பிடித்தால் தொடர்ந்து பாடுவேன், இல்லாவிட்டால் கிடாரை மூட்டை கட்டிவிடுவேன் என்று காலையில் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

எப்போதும் அவள் மேடையோரம்தான் நிற்பாள். இன்று அங்கே கூரை ஒழுகியது. அதனால் பின்னால், ஒலியைச் சரிசெய்கிற இவனுடைய மேஜையருகே ஒதுங்க வேண்டியதாயிற்று. ஒதுங்கியதால்தான் விஷயம் பிடிபட்டது. பாட்டின் உச்சம் வந்தது. அப்பா கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்… கேட்டதோ கிடார் மட்டும். அவள் மேஜையைப் பார்த்தாள். 'குரல்' என்று எழுதி ஒட்டியிருந்த குமிழை அவன் விரல் நைசாகக் கீழே இழுத்திருந்தது.

அப்பாவுக்கு இது தெரிய வழியில்லை. அவர் காலடியில் இருக்கிற தனி ஸ்பீக்கரில் அவர் குரல் அவருக்கு முழுசாகக் கேட்கும். எல்லோருக்கும் கேட்கிறது என்ற நம்பிக்கையில் மனிதர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

என்ன வேலை இது என்று அவள் சீறினாள். மதிய ஒத்திகையில் அந்த இடத்தில் அவர் குரல் உடைந்ததாகவும், பாரில் இருந்த இருவர் வாயைப் பொத்திச் சிரித்ததாகவும், சின்ன வயதிலிருந்து அவர் பாட்டே கதி என்று கிடந்த தனக்கு அது தாங்கவில்லை என்றும் அவன் சொன்னான். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான்… என்று இழுத்தான்.

"அவர் மானத்தை உங்களுக்கு யார் குத்தகைக்கு விட்டது? உடைஞ்சா உடையட்டும். அதை மூடறதுக்கு நீங்க யாரு?"

பல்லைப் பிடுங்கிப் பழகிய கை. அவன் தடுப்பதற்குள் குமிழை ஒரே தள்ளாக உச்சிக்குத் தள்ளிவிட்டாள். கிளப் முழுவதும் ஸ்பீக்கர்களிலிருந்து காதைக் கிழிக்கிற வீறல். அவன் பாய்ந்து அடக்கினான். ஆனால் பாட்டு நின்றுவிட்டது. அப்பா விளக்கு வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அங்கே என்ன கூத்து என்று கேட்டார்.

நாலு பேர் முன்னால் இதைச் சொன்னால் அப்பா என்ன ஆவார்… இவனுக்கென்ன, மெஷின் கோளாறு என்று தப்பித்துவிடுவான். சொல்லத்தான் போகிறான் என்று பல்லைக் கடித்தாள்.

அவன் மைக்கை எடுத்தான். "தப்பு என்னோடது சார். மேல போற இடத்துல உங்க குரல் வெளிய கேக்காம குறைச்சு வெச்சேன். முதல் பாட்டுலேர்ந்தே."

கதவோரம் நின்ற கிளப் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவின் முகம் கொதித்தது.

"முழுசா ஏத்து. இனி அதுல கை வெச்சே, இறங்கி வந்து உன்னைத் தொலைச்சிடுவேன்."

கிடார்க்காரரைக் கையமர்த்திவிட்டு, அதே பாட்டைத் தனியாகப் பாடினார். உச்சத்தில் குரல் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. அடக்க மாட்டாத கோபத்தோடு, உடைந்த குரலாலேயே அடுத்த வரியைப் பிடித்தார். பாரில் யாரோ சிரித்தார்கள்; மற்றவர்கள் முறைத்த முறைப்பில் அது அடங்கிப் போனது. பாட்டு முடிந்ததும் கூட்டம் மறுபடி, மறுபடி என்று கத்தியது. கிடாரை மூட்டை கட்டும் பேச்சு இனி வராது என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணீர் தன்பாட்டில் வழிந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலாளி அவனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அவள் அப்பாவிடம் ஏதோ பேசிவிட்டு, பின்வாசலுக்கு ஓடினாள். அவன் மழை விடட்டும் என்று சுவரோரம் ஒடுங்கி நின்றிருந்தான்.

"அப்பா உங்களை மன்னிக்கலை," என்றாள். "ஆனா அடுத்த ஷோவுக்கு நீங்கதான் வேணுமாம். மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொல்ல அவருக்கு வேற ஆள் இல்லையாம்."

அவன் தயங்கித் தயங்கி, "நீங்க…?" என்றான்.

"நானும் மன்னிக்கலை. அவரை ஏமாத்தினதுக்குக் கோபம். பொய் சொல்லித் தப்பிக்காம, என்னை முழுசாத் திட்டவும் விடாம பண்ணினீங்களே, அதுக்குக் கோபம். இப்படி ஒரே சாயங்காலத்துல மனசை விட்டுட்டு நிக்கிறேனேன்னு என் மேலயே கோபம்… உங்களைப் பிடிச்சிருக்கு. சிரிச்சீங்கன்னா கொன்னுடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கும்தான் என்றான்.