பூமியில் ஒருத்தி

சொற்பாலக் கூடத்தின் முதல் கட்டில்காரர் தண்ணீர் கேட்டார்.

"மேற்படி நபருக்குக் குடிநீர் வழங்கிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

ஆயுள் முழுக்கத் தாலுகா அலுவலகத்தில் கடிதம் எழுதிய மனிதர், வேறு எப்படிக் கேட்பார்? பக்கத்துக் கட்டில் அம்மாள் தலைவலியைச் சொன்னாள்: "நெற்றியில் மிதமான தீ. கடுகு வெடிக்கிறது." அவள் எழுதியதெல்லாம் சமையல் குறிப்புகள். ஜன்னலோரத்து இளைஞனிடம் போகத்தான் நர்ஸுகள் பயந்தார்கள். அபிமான நடிகருக்காக இணையத்தில் சண்டை போட்டே வளர்ந்தவன். ஊசியோடு வந்தவளைப் பார்த்து அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. பாவம், அவன் மனதில் இருந்தது 'மெதுவாப் போடுங்கக்கா' என்பதாகத்தான் இருக்கும்.

சொற்பாலம் என்பது காதுக்குப் பின்னால் பதிக்கிற மிளகளவுக் கருவி. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர் என்ன நினைக்கிறார் என்பதை அது மங்கலாகப் படிக்கும். அந்த மங்கலுக்குப் பொருந்துகிற சொற்களைத் தேடி எடுத்து, அவருடைய பழைய குரலிலேயே பேசும். ஆரம்பத்தில் கருவி செய்தவர்களே சொற்களையும் போட்டுக் கொடுத்தார்கள். வாய் பேசாத பெரிய மனிதர்கள் சிலர் திடீரென்று அண்ணன் மகனுக்குச் சொத்தெல்லாம் தருவதாகத் தெளிவாகப் பேசிய பிறகு, அரசு விழித்துக்கொண்டு சொந்தச்சொல் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் தம் கையால் எழுதி வைத்த சொற்களைத் தவிர வேறெதையும் அவர் வாயில் போடக்கூடாது. அந்த எழுத்துக்குச் சொல்வைப்பு என்று பெயர். அதன்பின் நாடே எழுத உட்கார்ந்தது. காப்பீட்டு முகவர்கள் வீடு வீடாக வந்து "இன்னைக்கு நாலு வரி எழுதினீங்களா சார்?" என்று கேட்டார்கள்.

ஞானசிகாமணி எழுதவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்று ஏதோ விசேஷம் என்று அர்த்தம். அவர் பக்கவாதத்தில் விழுந்தபோது மனைவி சுகிர்தா அவருடைய கைபேசியைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு அவர் அனுப்பியவை: 'சரி.' 'வரேன்.' 'பால்?' இதை வைத்துப் பால்காரரோடு வேண்டுமானால் பேசலாம்.

அப்போதுதான் கூடத்தில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி என்ற பெண் ஓடி வந்தாள்.

"அம்மா, சாருக்கு வேற ஒரு எடத்துல வைப்பு இருக்கு. மலையா எழுதிக் குவிச்சிருக்காக!"

மலைதான். அவர் இளைஞராக இருந்தபோது 'வெண்கோள் காவலர்' என்று ஒரு விண்வெளித் தொடர் வந்து பாதியில் நின்றுபோனது. நின்ற கதையை ரசிகர்கள் விடவில்லை. இணையத்தில் இருவர் இருவராகச் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மாறி மாறி எழுதி வளர்த்தார்கள். ஒருவர் ஒரு பத்தி எழுதுவார், மற்றவர் பதில் எழுதுவார். கிளைக்கதை என்று அதற்குப் பெயர். ஞானசிகாமணி பல வருடங்களாகத் தளபதி ஏகவீரனாக எழுதியிருந்தார். கூட எழுதியவர் கப்பலின் மருத்துவர் யாமினி.

பாலம் போட்ட அன்று சுகிர்தா தலைக்கு எண்ணெய் தடவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். ஞானசிகாமணி அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் குரல் எழுந்தது.

"யாமினி, இந்தக் கப்பலில் விடியல் என்று ஒன்று கிடையாது. நீ உள்ளே வரும் நேரத்தைத்தான் நான் விடியல் என்று குறித்துக்கொள்கிறேன்."

முத்துப்பேச்சி கைதட்டினாள். சுகிர்தாவுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் 'சேலை நல்லாருக்கு' என்று ஒரு நாள் சொல்லாத மனிதர்.

"அவுகளுக்கு எல்லாம் புரியுதும்மா. ஒங்களப் பாத்துதான் சொல்லுதாக" என்றாள் முத்துப்பேச்சி. "பேருதான் யாமினின்னு வருது."

"எம் பேர ஏத்திவிடேன். சுகிர்தா. ஒரு சொல்லுதான?"

"அவுக ஒரு தடவ கூட எழுதலியே. எழுதாத சொல்ல ஏத்துனா என் வேல போயிரும்."

எழுதவில்லைதான். ஒரே வீட்டில் இருப்பவளுக்குப் பெயர் எழுதி என்ன ஆகப்போகிறது? வேறு வழியில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. அவர் தலை ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி ஆடியது. கையோ சொன்னபடி கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் யாமினி, யாமினிதான். கஞ்சி ஊட்டினால் யாமினி. முதுகு துடைத்தால் யாமினி. அவர் தன்னைப் பார்த்துத்தான் சொல்கிறாரா, தன் வழியாக வேறொருத்தியைப் பார்த்துச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாலை அவர் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து குரல் வந்தது.

"பூமியில் ஒருத்தி இருக்கிறாள், யாமினி. நான் பேசாமல் இருந்த நேரமெல்லாம் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை."

நகவெட்டி கையிலிருந்து விழுந்தது. ஏகவீரனுக்குப் பூமியில் ஒரு மனைவி உண்டு என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. அப்படியானால் யாமினி யாராக இருந்தால் என்ன? பூமியில் இருக்கிறவள் நான். சுகிர்தா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வெட்கமில்லாமல் அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் கேட்டாள். "ஏங்க, அதச் சொல்லுங்க. பூமியில் ஒருத்தி." அவரும் சொன்னார். காலையில் காப்பி கொடுத்துவிட்டு ஒரு தடவை, விளக்கேற்றும்போது ஒரு தடவை, அண்டை வீட்டுக்காரி வந்தால் அவளுக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை.

இந்த நிலையில்தான் கூடத்திலிருந்து தகவல் வந்தது. கூட்டாக எழுதிய வைப்பு என்பதால் தற்காலிக அனுமதிதான் தந்திருக்கிறார்கள். கூட எழுதியவர் நேரில் வந்து, எது யாருடைய எழுத்து என்று பிரித்து உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வைப்பு முழுவதையும் பூட்டிவிடுவார்கள்.

முத்துப்பேச்சி யாமினியைத் தேடிப் பிடித்தாள். யாமினி தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் முந்திரி மக்ரூன் டப்பா, முகத்தில் இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. பெயர் அருள்வளன். மக்ரூன் கடை வைத்திருந்தார். வியாபாரம் மந்தமான மதியங்களில் கல்லாவில் உட்கார்ந்து யாமினியாக எழுதியவர்.

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மீசைக்காகவா சோறு இறங்காமல் கிடந்தேன்?

"மைனி, நாங்க நேர்ல பாத்ததே இல்ல" என்றார் அவர். "இதுதான் மொதத் தடவ. இப்பிடிப் பாக்கணும்னு தலையில எழுதியிருக்கு."

கட்டிலருகே உட்கார்ந்தார். வீட்டுக்கே வந்திருந்த முத்துப்பேச்சி பிரிப்புக் கருவியை மடியில் வைத்துக்கொண்டாள். அருள்வளன் அவளுக்கு விளக்கினார்: "இதுல பிரிக்கதுக்கு ஒண்ணுமில்ல தாயி. எங்க ஆட்டத்துல ஒரே விதி. அடுத்தவன் பாத்திரத்த அசைக்கக்கூடாது. ஏகவீரன் கைய நீட்டினான்னு நான் எழுதக்கூடாது, யாமினி கையப் புடிச்சான்னு அவரு எழுதக்கூடாது. அவரு நீட்டுவாரு, நான் புடிப்பேன். புடிக்காமலும் போவேன். இத மீறினவன்கூட யாரும் எழுதமாட்டாங்க."

ஞானசிகாமணியின் கண்கள் அவரைவிட்டு அகலவில்லை. சுகிர்தா பெருமையோடு, "அண்ணாச்சிக்கு அதச் சொல்லிக் காட்டுங்க" என்றாள்.

"பூமியில் ஒருத்தி இருக்கிறாள், யாமினி..."

அவள் தற்செயலாக அருள்வளன் பக்கம் திரும்பினாள். மீசைக்குக் கீழே அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கட்டிலிலிருந்து சொல் வருவதற்கு ஒரு கணம் முன்பே அவர் உதட்டில் அது வந்துவிட்டது. 'சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை' என்ற இடத்தில் அவர் தலை குனிந்தார்.

"அண்ணாச்சி, காப்பி போட்டிருக்கேன். இங்க வாங்க" என்று அடுக்களைக்குள் போனாள் சுகிர்தா. காப்பி ஒன்றும் போடவில்லை.

"அது யாரு எழுதினது?"

அருள்வளன் சமாளித்துப் பார்த்தார். வரவில்லை.

"ஒரே ஒரு தடவதான் மைனி விதிய மீறினோம். ஏகவீரன் வீட்டுக்காரியப் பத்திப் பேசணும்னு ஒரு கட்டம். அவரு பல நாளு அடிச்சு அடிச்சு அழிச்சாரு. கடைசியில போன்ல கூப்பிட்டு, 'எனக்கு வரல அருள், மனசுல இருக்கு, எழுத வரல, நீரே எழுதிக் குடுத்துரும்'னாரு. எழுதிக் குடுத்தேன். அவரு தன் பேருல போட்டாரு."

"நீங்க யார நெனச்சு எழுதினிய?"

"எம் பொண்டாட்டிய. அவ தவறி அப்பத்தான் ஆறு மாசம்."

 சுகிர்தாவுக்குக் கோபப்படவும் ஆள் இல்லை. எழுதியவர் மேல் கோபப்படுவதா? எழுதச் சொன்னவர் மேலா? கதைக்குள் செய்த சின்ன உதவி அது. அது தன் வீட்டுக் கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும் என்று யார் கண்டார்கள்?

"உண்மையச் சொன்னா அந்த வரி போயிரும்" என்றார் அருள்வளன். "ஏகவீரன் வீட்டுக்காரியப் பத்தி எழுதினது அது ஒண்ணுதான். பொறவு ஒங்களச் சொல்ல அவருக்குச் சொல்லே கெடையாது. பொய் சொன்னா சட்டத்துக்கும் பொய், ஒங்களுக்கும் பொய். என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க மைனி."

அவள் நேரே கட்டிலுக்குப் போனாள். குனிந்து அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, அது ஒங்க மனசுல உள்ளதா? இல்ல, அவரு எழுதினாருன்னு வருதா? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இத மட்டும் சொல்லிருங்க."

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எதையோ முட்டித் தள்ளுகிற மனிதரைப் போலிருந்தார். கருவி அவருடைய மலையளவு எழுத்தில் தேடியது.

"பூமியில் ஒருத்தி இருக்கிறாள், யாமினி..."

வேறென்ன வரும்? அது அவர் மனதுதான் என்றாலும் அந்த வரிதான். இல்லை என்றாலும் அந்த வரிதான்.

சுகிர்தா நிமிர்ந்தாள். "அண்ணாச்சி, எல்லாம் இவுக எழுதினதுன்னு சொல்லிருங்க."

அருள்வளன் கருவியின் முன் அப்படியே சொன்னார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்றால், கல்யாணத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லக்கூடாதா? முத்துப்பேச்சி ஒன்றும் கேட்காமல் நிரந்தர முத்திரை வைத்தாள். மக்ரூனை மட்டும் யாரும் தொடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. சொற்பாலத்துக்கு ஒரு குணம் உண்டு: எந்த வாக்கியம் அதிகம் நடந்த பாதையோ அதைத்தான் அது முதலில் எடுக்கும். சுகிர்தா கேட்டுக் கேட்டு ஒரு பாதையை நெடுஞ்சாலையாக்கிவிட்டிருந்தாள். மழைக்காலம் வருவதற்குள் ஏகவீரனின் மற்றப் பேச்செல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிப்போயிற்று. விடியல் போயிற்று. கப்பல் போயிற்று. யாமினியின் பெயரைத் தனியாகச் சொல்வதும் போயிற்று. தாகமெடுத்தால் பூமியில் ஒருத்தி. படுக்கை நனைந்தால் பூமியில் ஒருத்தி. கொசு கடித்தாலும் அதேதான். சுகிர்தா தண்ணீர் கொடுப்பாள், துணி மாற்றுவாள், காற்றாடியைக் கூட்டுவாள், குறைப்பாள். அவர் விடாமல் சொல்லிக்கொண்டேயிருப்பார். கண்ணில் நீர் வழியும். இந்தப் பாதையை மாற்ற முடியாதா என்று சுகிர்தா கூடத்தில் கேட்டுப் பார்த்தாள்.

"முத்திர வெச்சாச்சேம்மா" என்றாள் முத்துப்பேச்சி. "இனி யாரும் கைவைக்க முடியாது."

ஒரு நாள் மதியம், கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்தபோது சுகிர்தாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து நின்றாள். ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம்தான். ஆனால் பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. நான் விழுந்தால்? தன் சொல்வைப்பைத் திறந்து பார்த்தாள். 'பால் வாங்கியாச்சா.' 'கரண்ட் இல்ல.' 'சாவி பக்கத்து வீட்ல.' ஞானசிகாமணி என்ற பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. அவர் எழுதவில்லை என்று எத்தனை நாள் பொருமியிருப்பாள்!

உடனே உட்கார்ந்து பெயரை எழுதினாள். எழுதிவிட்டு நிறுத்தினாள். அடுத்து என்ன? மனசு முழுக்க இருந்தது. எழுதினால் ஒன்றும் அது போல இல்லை. 'நீங்க நல்லவரு' என்று எழுதி அழித்தாள். 'எனக்கு ஒங்கமேல' என்று எழுதி, அதையும் அழித்தாள். கட்டிலிலிருந்து அவர் எதற்கோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அதே வரியில்.

சுகிர்தா கைபேசியை எடுத்துத் தூத்துக்குடிக்குப் போட்டாள்.

"அண்ணாச்சி, கடையில கூட்டமா?"

"இல்ல மைனி, சொல்லுங்க."

"இவுகளுக்குச் சொல்லுத மாதிரி எனக்கு ஒரு வரி வேணும். மனசுல இருக்கு, எழுத வரல. நீங்களே எழுதிக் குடுத்துருங்க. எம் பேருல போட்டுக்கிடுதேன்."