அங்கிக்கு வணக்கம்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் தூசிக்குப் பயந்து எல்லோரும் முகமூடி போட்டிருப்பதால், கதவுகள் அங்கியைப் பார்த்தே வணக்கம் சொல்லும். யாரும் அவற்றுக்கு விதி எழுதவில்லை. ஆட்கள் நடந்துகொள்வதைப் பார்த்துத் தாமாகக் கற்றுக்கொண்டவை. அன்று காலை மரவள்ளி வளர்க்கும் கூடத்தின் கதவு, "வணக்கம் டாக்டர்" என்று என் வெள்ளை அங்கிக்கு வழிவிட்டது. அங்கிக்குள் நான் இல்லை. வியர்க்கிறதே என்று கழற்றி, தானாக ஓடும் வண்டியின் மேல் போட்டிருந்தேன். வண்டி கம்பீரமாக உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

வண்டியில் இருந்தவை சோதனைக்காக வளர்த்த, இலைத் தேமல் நோய் பிடித்த நாற்றுகளும், அந்த நோயைப் பரப்பும், குளிரில் மயங்கிக் கிடந்த வெள்ளை ஈக்களும். கூடத்தின் சூட்டில் பத்து நிமிடத்தில் விழித்துவிடும். பெட்டியின் மூடியைப் பூட்ட மறந்தவனும் நானே. கூடத்தில் வளர்வது நானூறு பேரின் அடுத்த ஆண்டுச் சாப்பாடு.

"கதவைத் திற. நான்தான் டாக்டர்."

"டாக்டர் உள்ளே இருக்கிறார்."

"அது வண்டி."

"தங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது."

என் ஆராய்ச்சியே இதைப் பற்றித்தான் என்பது கூடுதல் எரிச்சல். தேமல் வைரஸைச் சுற்றி ஒரே புரதத்தால் பின்னிய உறை ஒன்று உண்டு. வெள்ளை ஈயின் உடல் அந்த உறையைத் தடவிப் பார்த்துத்தான் அனுமதி தருகிறது. உள்ளே இருப்பது யாரென்று கேட்பதே இல்லை. ஈயின் இந்த மடமையைக் கேலி செய்து நான்கு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

"அங்கியை மட்டும் பார்க்க யாரைப் பார்த்துக் கற்றாய்?"

"கேள்வி பரிசீலனையில் உள்ளது."

"ஏனுங்க சார்..." என்றது பக்கத்தில் ஒரு பச்சை அங்கி. களையெடுக்கும் பெண். கையை ஆட்டி நகரச் சொன்னேன். கதவை உதைத்தேன், கால்தான் வலித்தது. "சார், அந்தப் பக்கமா..." மறுபடி கையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. களைக் குப்பை தள்ளும் திட்டிவாசலில் குனிந்து உள்ளே போய்விட்டார். அது பச்சை அங்கிக்குத் திறக்குமாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கண்ணாடி வழியே பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம். ஓர் ஈ சிறகை விரித்துப் பார்த்தது. அவர் மூடியை அழுத்திப் பூட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகமூடி இருந்தது நல்லதாயிற்று.

என் அங்கியைக் கையில் மடித்துப் பிடித்தபடி பெரிய கதவு வழியாக வெளியே வந்தார்.

"நன்றி டாக்டர்" என்றது கதவு, அங்கியிடம்.

அப்போதுதான் அவர் மார்பிலிருந்த பெயரைப் படித்தேன். வசந்தாமணி. நான்கு வருடமாக ஒரே கூடத்தில் வேலை செய்கிறோம்.

"ரொம்ப நன்றிங்க. பாருங்க, இப்பவும் உங்களைக் கண்டுக்கல. இந்தக் கதவு யாரைப் பார்த்துத்தான் இப்படிக் கத்துக்கிச்சோ."

வசந்தாமணி அங்கியை உதறி என்னிடம் நீட்டினார்.

"உங்களப் பார்த்துத்தானுங்க சார்."