போதும் என்று சொல்லும்வரை

கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கிறீச்சிடவில்லை. வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச் போட்டு உயிரை வாங்கிய விசிறி அது. மதியத் தூக்கம் கலைந்து, சோபாவில் படுத்தபடியே அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் எண்ணெய் விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

வானொலி நிலையத்தில் அவளுக்குச் சங்கு என்று பட்டப்பெயர். எங்கே சண்டை மூண்டாலும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், போன இடத்தில் யாருக்காவது ஊதிவிட்டுத்தான் திரும்புவாள் என்று கேலி. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். இந்தத் தடவை திரும்பி வந்த பிறகு ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது.

"விசிறிக்கு எண்ணெய் விட்டீங்களா?"

கணவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "நானா? அது பாட்டுக்குக் கத்திக்கிட்டுத்தானே இருக்கு. உனக்குத்தான் காது அடைச்சிருக்கு. டாக்டர் சொன்னாருல்ல, அவ்வளவு பெரிய வெடி கேட்ட காது, சரியாக நாளாகும்னு." குடையை எடுத்தார். "மருந்து வாங்கிட்டு வந்துடறேன். வாயாடியப் பாத்துக்கோ. காலையிலேருந்து பேச்சே இல்ல. வீட்டுல ரெண்டு ரேடியோ இருந்துச்சு, ரெண்டும் மக்கர்."

வாயாடி என்பது மகள். பால்பல் இப்போதுதான் விழத் தொடங்கியிருக்கிறது. தூக்கத்திலும் பேசுகிற குழந்தை. சன்னலடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை உப்பி, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டியதும் மூச்சை விட்டாள்.

"என்னடி வெளையாட்டு இது?"

"அசையாம இருக்கணும்மா. நீ போதும்னு சொல்ற வரைக்கும்."

"யாரு சொன்னா?"

மகள் மூலையில் கிடந்த அவளுடைய பயணப் பையைக் காட்டினாள். வந்து போட்டதோடு சரி, அந்தப் பையை அவள் இன்னும் திறக்கவில்லை.

கைபேசி அதிர்ந்தது. செய்தி ஆசிரியர்.

"தொந்தரவு பண்ண மனசே இல்லம்மா. நீ அங்கேயிருந்து அனுப்பினதுல அந்த அடித்தளத்து அம்மா பேசினது வந்துடுச்சு. ரூம் சத்தம் மட்டும் வரல. அது இல்லாம எப்படி ஒட்டறது?"

"இருக்கு சார். அனுப்பறேன்."

"கேட்டுப் பாத்துட்டு அனுப்பு. அவசரமில்ல" என்றார். அவர் அவசரமில்லை என்றால் இப்போதே வேண்டும் என்று அர்த்தம்.

எந்த அறையும் வெறும் மௌனமாக இருப்பதில்லை. பேட்டி முடிந்ததும் அங்கிருப்பவர்களை அப்படியே அசையாமல் உட்காரச் சொல்லி, அந்த அறையின் மௌனத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதை வைத்துத்தான் நிரப்புவார்கள். கருவி வைத்திருப்பவர் போதும் என்று சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. தொழிலில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொடுப்பது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் நிறையக் குடும்பங்கள் ஒண்டியிருந்தன. ஈரச் சுவர், மண்ணெண்ணெய், கழுவாத போர்வைகளின் வாடை. ஒரு தாய் பேசி முடித்ததும் அவள் எல்லோரையும் கேட்டுக்கொண்டாள். நான் போதும்னு சொல்ற வரைக்கும், தயவுசெஞ்சு. அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி விரலை உதட்டில் வைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் ஓட்டுநர் படியில் தடதடவென்று இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். கருவி ஓடிக்கொண்டிருக்க, அவள் படியேறினாள். பின்னால் ஒருவரும் அசையவில்லை. அவள்தான் இன்னும் சொல்லவில்லையே. கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் குண்டு விழுந்து பள்ளிக்கூடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சொல்லியிருந்தால் நாலு பேராவது அவள் பின்னால் எழுந்து வந்திருப்பார்கள். இதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பையைத் திறந்தாள். துணிகளின் மேல் வெள்ளையாக, மாவு போல, சிமெண்டுத் தூசி. காதில் ஹெட்போனை மாட்டிக் கருவியை ஓடவிட்டாள். அந்த அறை காதுக்குள் வந்து உட்கார்ந்தது: எங்கோ நீர் சொட்டுவது, ஒரு விளக்கின் ரீங்காரம், அவற்றுக்கடியில் நிறையப் பேர் ஒன்றாகப் பிடித்து வைத்த மூச்சு. பிறகு ஓட்டுநரின் காலடி. படி. கார்க் கதவு. வெடி.

வெடிக்குப் பிறகு அவளுடைய அழுகை இருக்க வேண்டும். ஓட்டுநர் திட்டியது இருக்க வேண்டும்.

இல்லை. மறுபடி அந்த அறை. நீர் சொட்டவில்லை. விளக்கு இல்லை. பிடித்து வைத்த மூச்சு மட்டும், முன்னைவிடப் பக்கத்தில்.

ஹெட்போனைக் கழற்றினாள். ஒரு வித்தியாசமும் இல்லை.

வெளியே மழை கொட்டியது. சத்தமில்லாமல். சன்னல் கதவு காற்றில் போய்ச் சுவரில் அடித்தது. சத்தமில்லாமல். விசிறி சுற்றியது. காது அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் சொன்னாரே. கையைத் தட்டிப் பார்த்தாள். உள்ளங்கை எரிந்தது. மருந்து வாங்கப் போனவர் சீக்கிரம் வந்தால் தேவலை.

மண்ணெண்ணெய் வாடை.

ஈரப் போர்வை வாடை.

அவளுக்குப் பின்னால் கூடம் நிறைந்திருந்தது. திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது.

மகளைப் பார்த்தாள்.

சன்னலடியில், விரல் உதட்டில். கன்னம் உப்பி. முகம் சிவந்திருக்கவில்லை. உதடு நீலமாக இருந்தது. கண்கள் அம்மாவையே பார்த்தன. காத்திருந்தன.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூச்சு விடுடி. விடு. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, சொல்ல வேண்டியது எதுவென்று. இத்தனை நாளும் தொண்டையில் கிடந்த அந்த ஒரு சொல்.

"போதும்."

அது கேட்டது.

உடனே அவள் பிடரிக்குப் பின்னால் மூச்சு விடப்பட்டது. ஒருவர் அல்ல. சோபாவுக்குப் பின்னால், கதவோரத்தில், மேசையடியில், கூடம் முழுக்க, அத்தனை நாள் அடக்கிய அத்தனை மூச்சும். கழுத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. மகளின் தலைமுடியிலும் இமையிலும் வெள்ளைத் தூசி மெல்லப் படிந்தது.

மழை கேட்டது. சன்னல் அடித்துக்கொண்டது. விசிறி கிறீச்சிட்டது.

மகளின் விரல் மட்டும் உதட்டிலிருந்து இறங்கவில்லை.