முதலில் வராத குரல்

கிருஷ்ணப்பனும் ரங்கம்மாளும் தருமபுரியிலிருந்து திரும்பியபோது பீரோ திறந்து கிடந்தது. மகள் கல்யாணத்துக்குச் செய்து வைத்த நகைகள் இல்லை.

அன்று காலை, கிருஷ்ணப்பனின் தம்பி அடிபட்டுக் கிடப்பதாகத் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. ஓடினார்கள். அங்கே அப்படி யாருமே இல்லை.

அது 1968. பாலக்கோட்டில் போன் என்றால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எக்ஸ்சேஞ்சில் ராஜமேரி இணைப்புக் கொடுப்பாள். தருமபுரியிலிருந்து அன்று அழைப்பே வரவில்லை என்றாள் அவள். பொய் சொல்கிறாள், திருடனுக்கு உடந்தை என்றது ஊர். மேலதிகாரி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. சப்-இன்ஸ்பெக்டர் ஸ்தனிஸ்லாஸ் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு வந்தார். ராஜமேரியையும் வரவழைத்திருந்தார். கூடத்தில் ஒரு போன். வீட்டுக்குப் பின்னால் இருந்த கிருஷ்ணப்பனின் வெல்ல மண்டியில் அதே லைனில் இன்னொன்று. சாப்பாடு ஆறுகிறது என்று ரங்கம்மாள் அதில்தான் மண்டிக்குச் சொல்வாள்.

மண்டியைப் பார்த்துக்கொள்பவன் அவள் தம்பி மாதேஸ்.

"இந்தப் புள்ளதாங்க சார். ஊரு பேசறதெல்லாம் ஒட்டுக்கேக்கும்," என்றான்.

"உன் பேச்சைக் கேட்டா தூக்கந்தான் வரும்," என்றாள் ராஜமேரி.

"போன் வந்தப்ப நீ எங்கப்பா இருந்த?" என்று மாதேஸைக் கேட்டார் ஸ்தனிஸ்லாஸ்.

"மண்டி வாசல்ல வெல்லம் எடை போட்டுட்டு இருந்தேங்க. போன் ரூமு பூட்டியிருந்துச்சு. சாவி என் இடுப்ப விட்டு எறங்காதுங்க."

ஸ்தனிஸ்லாஸ் கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பினார்.

"போனை எடுத்ததும் என்ன கேட்டுச்சு?"

"'உங்க தம்பி அடிபட்டுக் கெடக்கறாரு'ன்னு ஒருத்தன். தொண்ட கட்டுன கொரலுங்க."

"அதுக்கு முன்னால?"

"ஒண்ணுமில்லீங்க."

"வெளியூர் போன் வந்தா நான் என்னண்ணா சொல்லுவேன்?" என்றாள் ராஜமேரி.

"'கிருஷ்ணப்பண்ணா, தருமபுரி பேசுது, லைன்ல இருங்க'ன்னு..."

"நேத்து சொன்னேனா?"

"இல்லம்மா, எடுத்ததும் அவந்தான் பேசுனான்," என்றார் கிருஷ்ணப்பன்.

"எக்ஸ்சேஞ்ச் வழியா வர்ற எந்தப் போன்லயும் முதல்ல இவ குரல்தான் வரும்," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "அது வராத போன் ஒண்ணே ஒண்ணுதான். மண்டியில சுவிட்சைத் திருப்பிக் கைப்பிடியைச் சுத்தினா, எக்ஸ்சேஞ்சுக்குப் போகாம நேரா இந்த வூட்லதான் மணி அடிக்கும். மண்டியோட தினமும் அப்படி நேரா பேசிப் பழகினதாலதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல. ரூம் பூட்டியிருந்துச்சு, சாவி ஒருத்தன்கிட்ட. தொண்டை இப்ப எப்படி இருக்கு மாதேஸ்?"

நகைகள் வெல்ல மூட்டைக்குள் இருந்தன. ரங்கம்மாள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு டூட்டிக்கு வந்துரும்மா," என்று மேலதிகாரி அன்று மாலையே ராஜமேரியிடம் சொன்னார்.

சில வருஷம் கழித்துத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. எண்ணைச் சுழற்றினால் இயந்திரமே இணைத்தது. ராஜமேரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள்.

கிருஷ்ணப்பன் மட்டும் ரிசீவரை எடுத்ததும் பேசாமல் சற்றுக் காத்திருப்பார். லைன் கெட்டுவிட்டதென்று நினைத்து, எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவார்.