நீயே வச்சுக்கோ

மிருகமே இல்லாத மிருகப் பூங்காவுக்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு அந்த வரிசையில் நானும் நின்றேன். தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், அப்புறம் பைகளைச் சுமக்க நான். விடுமுறைக்கு நாலு பேருமாகச் சேர்ந்து எங்கேயாவது போகலாம் என்று தம்பி போனில் சொன்னபோதே, நாலாவது ஆள் எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே எல்லாம் சிமெண்ட், பிளாஸ்டிக். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் சறுக்குமரம், முதலையின் முதுகில் படகு. குப்பைத் தொட்டிகள்கூட வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் பென்குயின்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு ஒலிபெருக்கியைச் செருகி வைத்திருந்தார்கள். ஒன்று உறுமும், ஒன்று கனைக்கும். வெயில் இல்லை, மேகம் மூடிப் புழுங்கியது.

என் மருமகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வயது. கண்ணில் விரலை விட்டு ஆட்டுவாள். நான் தையல்காரி, மிச்சம் விழுந்த மஞ்சள் துணியில் அவளுக்கு ஒரு கவுன் தைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு, ஆடும் முன்பல்லை நாக்கால் தள்ளியபடியே நடந்தாள். அந்தப் பல்லை அத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும், எடுத்த பல் அத்தைக்குத்தான் என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

அன்றைக்கு அவள் காரில் ஏறியதிலிருந்தே அடம். ஐஸ் வேண்டும், வாங்கினால் அந்த நிறம் இல்லை. பலூன் வேண்டும், வாங்கினால் பறக்க விட வேண்டும். மதியத்துக்குள் ஒரு காலில் செருப்பு போடமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைச் சாக்காக வைத்துக்கொண்டு அவள் அப்பாவும் அம்மாவும் வீட்டில் பாக்கி வைத்திருந்த சண்டையை எல்லாம் அங்கே போட்டு முடித்தார்கள்.

"என்னால முடியல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் சத்தம் இல்லாம இருந்தா போதும்."

பூங்காவின் கடைசியில், மரங்கள் அடர்ந்த இடத்தில், அந்த நீர்யானை இருந்தது.

மற்றவை எல்லாம் பளபளவென்று புதுசாக இருக்க, இது மட்டும் பழசு. தோல் கறுத்து, காதோரம் பாசி பிடித்திருந்தது. வாயை ஆவென்று திறந்து, சிவப்பு நாக்கைப் படி மாதிரி நீட்டியிருந்தது. பிள்ளைகள் வாய் வழியாக நுழைந்து, இருட்டான வயிற்றைத் தாண்டி, வாலுக்குக் கீழே இருக்கும் கதவு வழியாக வெளியே ஓடிவர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பக்கத்தில் தண்ணீரே இல்லை. ஆனால் அந்த வாயிலிருந்து வற்றிய குளத்தின் சேற்று வாடை சில்லென்று வந்தது.

எதற்கும் பயப்படாத வாலு, தம்பியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நான் போகமாட்டேன். உள்ள யாரோ இருக்காங்க."

"ஒருத்தரும் இல்லடி. இத்தனை பிள்ளைங்க போறாங்க இல்ல?"

"போகமாட்டேன்!" என்று கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலு பேர் பார்த்தால் போதும், என் தம்பிக்கு நடிப்பு வந்துவிடும். அவளை அலாக்காகத் தூக்கி நீர்யானையின் வாய்க்கு நேரே நீட்டினான். "இந்தாப்பா, இவளை நீயே வச்சுக்கோ! சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை ஒண்ணு இருந்தா எனக்குக் குடு!"

வரிசையே சிரித்தது. எந்த அப்பா சொல்லாததை அவன் சொல்லிவிட்டான்? போலீஸ்காரரிடம், ஊசி போடும் டாக்டரிடம், தெருவில் போகிற யாரிடமாவது பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லாத பெற்றோர் யார்? அவளை நாக்கின் மேல் இறக்கிவிட்டான். அவள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற பிள்ளைகள் நெருக்க, உள்ளே போனாள்.

நீர்யானையின் வயிற்றிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த உறுமல் நின்றது.

விழுங்கும்போது மூச்சு நிற்குமே, அப்படி.

நாங்கள் பின்பக்கம் போய் நின்றோம். அவளுக்குப் பின்னால் நுழைந்த பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். தம்பி குனிந்து கூப்பிட வாயெடுத்தபோதுதான் அவள் வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். இரண்டு காலிலும் செருப்பு. தலை கலையவில்லை.

"நன்றி அப்பா," என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கம் இல்லை.

அதற்குப் பிறகு அந்த நாள் வேறு நாளாகிவிட்டது. கொடுத்ததைச் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள். உட்கார் என்ற இடத்தில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி பெஞ்சில் அவன் தோளில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். அவர்கள் இருவரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"பாத்தியாக்கா? மிரட்டல் வேலை செய்யுது," என்றான் தம்பி.

அவளைப் பக்கத்தில் இழுத்து, "வாலு, பல்லைக் காட்டு," என்றேன்.

வாயைத் திறந்தாள். வரிசை குலையாத பற்கள். காலையில் ஆடிக்கொண்டிருந்த பல்லைத் தொட்டுப் பார்த்தேன். சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. வாயிலிருந்து சேற்று வாடை வந்தது.

"அப்படிக் கூப்பிடாதீங்க அத்தை," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அது என் பேர் இல்ல."

அப்போதுதான் மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. தூக்கக் கலக்கத்தில் படிப்பதுபோல ஒரு பெண் குரல்.

"பெற்றோர் கவனத்துக்கு. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று எங்களிடம் இருக்கிறது. மஞ்சள் கவுன். ஒரு காலில் செருப்பு இல்லை. முன்பல் விழுந்திருக்கிறது. பெயர் கேட்டால் வாலு என்கிறது. பெற்றோர் உடனே வரவும்."

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஊருக்கு நாலு வாலு இருக்கும்," என்றான். "நம்ம வாலு இங்கதானே இருக்கா?"

என் பக்கத்தில் நின்றவள் ஒலிபெருக்கியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் பைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். வழி கேட்டுக் கேட்டு அலைந்து, கடைசியில் அந்த நீர்யானைக்குப் பின்னாலேயே, கங்காரு வடிவத்தில் ஒரு கொட்டகையைக் கண்டேன். கங்காருவின் பை இருக்கும் இடத்தில் ஒரு அரைக்கதவு. உள்ளே மேசையில் சீருடைக்காரி ஒருத்தி. சுவரோரம் நீள பெஞ்சில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் போட்டிருந்த உடுப்பு, நான் தையல் பழகிய காலத்துத் தையல். யாரும் அழவில்லை.

ஒருத்தியைத் தவிர.

"அத்தை!"

தொண்டை கட்டிப்போயிருந்தது. மூக்கு ஒழுகியது. நான் தைத்த கவுன்தான். தோளில் கடைசித் துண்டை ஒட்டுப்போட்ட இடம் எனக்குத் தெரியாதா? மூடிய கையைக் கதவுக்கு மேலே நீட்டி, என் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். பல்.

"தானா விழுந்துடுச்சு அத்தை. நான் பிடுங்கல. சத்தியமா."

அவளைத் தூக்கப் போனேன். சீருடைக்காரி என் கையைத் தட்டிவிட்டாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன.

"அப்பாவோ அம்மாவோ வரணும். குடுத்தவங்கதான் திருப்பிக் கேக்கணும்."

"இந்தப் பிள்ளைங்க எல்லாம்?" என்றேன்.

"பழைய பிள்ளைங்க," என்றாள். "அவங்களுக்கு யாரும் வரல. சீக்கிரம் போங்க. மூடற நேரம்."

ஓடினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு, ஓடினேன். அவர்கள் காருக்கே போய்விட்டிருந்தார்கள். தம்பி சட்டையைப் பிடித்துக் குலுக்கி, பல்லைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்தது. மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் என்னோடு வந்தான். மூச்சு வாங்க, இருட்டத் தொடங்கிய மரங்களுக்குள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கொட்டகையில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது.

வாலு அவனைக் கண்டதும் கதவில் ஏறி அவன் நெஞ்சில் குத்தினாள். "நீ ஏன் என்னைக் குடுத்த? உன் பேச்சு கா! எனக்கு ஐஸ் வேணும்! செருப்பு வேணும்! தூக்கு!"

என் தம்பி மகளை அடையாளம் கண்டுகொண்டான். அதை நான் பார்த்தேன். அவன் கை தானாக எழுந்து அவள் தலைக்குப் போனது.

"உங்க பிள்ளைதானா சார்?" என்றாள் சீருடைக்காரி. "ஆமான்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போங்க. ஆனா ரெண்டும் கிடையாது. அதைத் திருப்பிக் குடுத்துடணும்."

மரங்களின் இடைவெளியில் கார் தெரிந்தது. அதன் பக்கத்தில் தம்பி மனைவி, மடியில் தலை வைத்த பிள்ளையின் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்புச் சத்தம் அவ்வளவு தூரம் கேட்டது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுடா," என்றேன். "ஆமான்னு சொல்லுடா!"

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"இல்ல," என்றான். "எங்க பிள்ளை கார்ல இருக்கு."

வாலு அழுகையை நிறுத்தினாள். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு அமைதியாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

நான் கதவைத் தாண்டப் பாய்ந்தபோது இரும்பு ஷட்டர் இறங்கியது. கை வலிக்கத் தட்டினேன். காவலாளி ஓடிவந்து பூட்டைத் திறந்து காட்டினார். துடைப்பங்கள், பழைய கரடி வேஷம் ஒன்று, பெயிண்ட் டப்பாக்கள். "இது சாமான் அறைம்மா. தொலைஞ்ச பிள்ளைங்கள வாசல் ஆபீஸ்லதான் வைப்போம்."

தம்பி என் கையிலிருந்த பல்லைப் பிடுங்கிப் புதருக்குள் எறிந்தான். "இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசின, நீ எனக்கு அக்கா இல்ல," என்றான். அப்படி ஒரு குரல் அவனுக்கு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் போன பிறகு மண்டியிட்டு, இலைகளைத் தள்ளித் தள்ளித் தேடி, அந்தப் பல்லை எடுத்துக்கொண்டேன். பட்டன் டப்பா ஒன்றில் போட்டு அலமாரியில் துணிக்கடியில் வைத்தேன். யாருக்கும் தெரியாது.

இப்போது அவர்கள் வீடு நன்றாக இருக்கிறது. சண்டை இல்லை. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்குகிறாள். தம்பி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பூங்காவுக்கு நான் மட்டும் தனியாகப் போனேன். நீர்யானையின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். உறுமலுக்கு அடியில், தொண்டை கட்டிய குரலில், யாரோ ஐஸ் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். குடு, குடு என்று நான் கெஞ்சினேன். நான் கொடுத்தவள் இல்லையே, நான் கேட்டால் அது தருமா?

நேற்று மாலை போன் வந்தது. அவள்தான்.

"அத்தை, ஞாயித்துக்கிழமை நாம எல்லாரும் மறுபடி பூங்காவுக்குப் போறோம். நீங்களும் வரணும்."

இத்தனை நாளில் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

பின்னால் தம்பியின் குரல். "அத்தை வர்றேன்னு சொன்னாங்களாம்மா?" அந்தக் குரலில், நாலு பேர் முன்னால் வருமே, அந்தப் பழைய உற்சாகம்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வரும்போது அந்தப் பல் ரெண்டையும் எடுத்துட்டு வாங்க அத்தை."

போனை வைத்துவிட்டேன். ரெண்டா? என்னிடம் இருப்பது ஒன்றுதானே.

அலமாரியைத் திறந்ததும் சேற்று வாடை முகத்தில் அடித்தது. துணிகளைத் தள்ளி டப்பாவை எடுத்தேன். இழுத்த வேகத்தில் மூடி தெறித்து விழுந்தது.

உள்ளே இரண்டு பற்கள் இருந்தன. ஒன்று காய்ந்து மஞ்சளாகிவிட்ட பழைய பல்.

மற்றதில் ரத்தம் இன்னும் காயவில்லை.

உள்ளே இருந்தாலும் வாலு எங்கள் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. இந்தத் தடவை தம்பி யாரைக் கொடுக்கப் போகிறான் என்று தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன்.