நாக்கில்லாத மணி

நூற்றிரண்டு மணி நேரமாகக் கனகவல்லி தரையைப் பார்க்கவில்லை. கோவளத்தில் விடியற்காலையில் படகில் ஏறியது. இப்போது ஐந்தாம் நாள் உச்சிவெயில். சுற்றிலும் தண்ணீர். உள்ளே கணவன் தசரதன் படுத்திருந்தான். இருவருக்கும் இடையே பேச்சு அற்றுப்போய் மூன்று நாள் ஆகிவிட்டது.

அந்தப் பாய்மரப் படகை அவன் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டின் பின்பக்கம் கொட்டகை போட்டு ஆறு வருஷம் கட்டினான். கப்பல் என்ஜினியர் வேலையை விட்டான், அப்பா வைத்துப்போன மனைகளில் இரண்டை விற்றான். பாயை மட்டும் நம்பி போர்ட் பிளேர் போய்விட வேண்டும் என்று ஒரு வெறி. போன வருஷம், தொண்ணூற்றொன்றில், கனகவல்லியின் தம்பி ரவியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். பாதியில் தனியாகத் திரும்பினான்.

ரவி காவல் இருந்த நேரத்தில் தவறி விழுந்துவிட்டான், நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான். அஸ்தினாபுரத்தில் கனகவல்லியின் அம்மா காந்திமதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பிள்ளை கூப்பிடவே இல்லையா? தசரதன் தலையைக் குனிந்துகொண்டு, சத்தமே வரவில்லை என்றான். அதன்பிறகு அம்மா வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதையே கேட்டாள். பால்காரரிடம்கூட. நன்றாக நீந்தத் தெரிந்தவன், ஒரு குரல்கூடக் கொடுக்காமலா போவான்?

மறுபடி தசரதனோடு போக ஒருவரும் வரவில்லை. நான் வருகிறேன் என்றாள் கனகவல்லி. அம்மாவின் கேள்விக்குப் பதில் இந்தப் படகில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அவன் வேண்டாம் என்று கத்தினான். சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான். வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் ஏற்றிக்கொண்டான்.

படகின் பின்னால் நீளமான கயிறு ஒன்று எப்போதும் தண்ணீரில் இழுபட்டு வரும். தவறி விழுந்தவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு மெல்லிய கயிறு உள்ளே போய், படுக்கைக்கு மேலே தொங்கும் பூஜை மணியை ஆட்டும். தூங்குகிறவர் எழுந்துவந்து இழுக்க வேண்டும். பாசி சிக்கினாலும் மணி அடிக்கும். அதனால் தினமும் கயிற்றை மேலே இழுத்துச் சுத்தம் செய்வார்கள்.

கோவளத்தில் சாமான்களை ஏற்றிவிட வந்த மீனவர் குப்புராஜ் அந்த மணியைக் கையால் தள்ளிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

"இன்னா சார், மணி கீது, நாக்கக் காணோமே?"

கழன்று விழுந்துவிட்டது என்றான் தசரதன்.

"ஊமை மணிய மாட்டிகினு இன்னா சார் பண்ணுவ? அக்கா வுழுந்தா யாரு உன்ன எழுப்புவா?"

"அவ விழ மாட்டா."

குப்புராஜ் சிரிக்கவில்லை. கனகவல்லியை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டாம் நாள் மதியம் அவள் கயிற்றை இழுத்தாள். புதுக் கயிறு. புறப்படும் அன்று தசரதன் நுனியைத் தீயில் சுட்டு மழுங்கடித்ததை அவளே பார்த்திருக்கிறாள். இப்போது அந்த நுனியில் ஒரு வளையம் இருந்தது. ஓர் ஆளின் இடுப்பளவு. இரண்டு சுற்று, வால் நீளமாக விட்ட முடிச்சு.

அவளுடைய டிபன் பாக்ஸை சைக்கிள் கேரியரில் ரவி அப்படித்தான் கட்டித் தருவான். வேறு யாரும் அப்படிக் கட்டி அவள் பார்த்ததில்லை.

தசரதன் வந்து பார்த்தான். கத்தியை எடுத்து முடிச்சை அறுத்துக் கடலில் எறிந்தான். கத்தியைப் பெட்டியில் திருப்பி வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டான். அதிலிருந்துதான் பேச்சு நின்றது.

மூன்றாம் நாள் இழுத்தாள்.

முடிச்சு இருந்தது.

நான்காம் நாளும் அவன் அறுத்தான். கயிறுதான் குறையவே இல்லை.

இன்று அவள் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். நல்ல காற்று. பாய் புடைத்து, பக்கவாட்டில் நுரை ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடைக்கு நடுவே வேறொரு வாடை வந்தது. நாள்கணக்கில் காயாத ஈரத்துணியின் வாடை.

நுரை நின்றது.

பாய் புடைத்தபடியேதான் இருந்தது. பாய்மரம் முனகியது. படகு மட்டும் நகரவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கயிறு இரும்புக் கம்பிபோல விறைத்து, சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதைப் பிழிந்ததுபோலச் சொட்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன.

உள்ளே மணி அடித்தது.

நாக்கில்லாத மணி, கணீரென்று.

தசரதன் கத்தியோடு வெளியே வந்தான். உதடு வெளுத்திருந்தது. அவள் எழுந்து கயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்து மறித்தாள். உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது. ஓர் இழுப்பு. இடைவெளி. இன்னோர் இழுப்பு. கைமாற்றிக் கைமாற்றி யாரோ ஏறி வருவதுபோல.

"தள்ளு."

"மாட்டேன்."

"கையோட சேர்த்து அறுத்துடுவேன், கனகு."

"அறுங்க."

அவன் அறுத்தான். அவள் விரல் கிழிந்து ரத்தம் வந்தது. கயிற்றில் ஒரு நூல்கூட அறவில்லை. மணி விடாமல் அடித்தது. கத்தி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

படகின் பின்விளிம்பில் நான்கு விரல்களின் ஈரத்தடம் தெரிந்தது.

பக்கத்தில் இன்னும் நான்கு.

அந்த வெயிலில் அவை காயவில்லை.

கனகவல்லி குரலை உயர்த்தவில்லை. "அம்மா கேட்டாங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க. என்கிட்ட வேணாம். அவன்கிட்டயே சொல்லுங்க."

மணி நின்றது. கயிறு தளரவில்லை. விரல் தடங்களுக்கு அடியில் மரம் மெல்லக் கிறீச்சிட்டது.

தசரதன் மண்டியிட்டான். கண்ணை மூடிக்கொண்டு, விளிம்புப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினான்.

"அன்னிக்கு விடிஞ்சதும் கயித்து நுனியில உன் முடிச்சைப் பார்த்தேன். அப்பவும் வீட்டுல சொல்லலை. முந்தின ராத்திரி மணி அடிச்சுதுடா மச்சான். ரொம்ப நேரம் அடிச்சுது. பாசின்னு நினைச்சு, நாக்குல துணியைச் சுத்திட்டுத் தூங்கிட்டேன்."