பச்சைக் கட்டை

டெல்மர் பிரீஸ் தன்னை லூயெல்லா கிராஃபின் வலது கை என்று சொல்லிக்கொள்வான். பிரேரி லாண்டிங் ஊரில் யாரும் மறுத்ததில்லை. அந்த அம்மாள் இடதுகைக்காரி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற லூயெல்லாவின் சமையலறைக்குள் ஜோலீன் பாவெல்கா பனியோடு நுழைந்தாள். கையில் மகளின் பூட்ஸ்.

"அஞ்சு மணிக்கு வீட்டைக் காலி பண்ணணுமாம், மிஸ் லூயெல்லா. நான் சன்னலைத் திறந்து போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேனாம். அதனால அறையைச் சூடாக்குற ரேடியேட்டர் உறைஞ்சு வெடிச்சுதாம். அப்படிப் பண்ணினா உடனே வெளியேத்தலாம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. நான் திறக்கவே இல்ல! நவம்பர்லயே குளிர் வராம சன்னல்ல பிளாஸ்டிக் ஒட்டி, ஹேர் டிரையரால இறுக்கிட்டேன்."

"வேற வீடு?"

"எங்க இருக்கு? பழைய செங்கல் வீடெல்லாம் வார இறுதி டூரிஸ்டுக்குப் போயாச்சு. காருக்குள்ள படுத்தா குழந்தை விறைச்சுடும்."

புதன்கிழமைதான் அந்த வீட்டுச் சொந்தக்காரர் வெர்னன் ஹாக் கூப்பிட்டார் என்று போய், அந்த ரேடியேட்டரின் சத்தத்தை டெல்மரே சரிசெய்து கொடுத்திருந்தான். மறுநாளே வெடித்துவிட்டதே! அவன் கை பட்ட சாமான்கள் பெரும்பாலும் இப்படித்தான். சட்டைக் கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். தான் செய்த மரக் குருவிக்கூட்டுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் இன்னும் போகவில்லை.

ஜோலீனின் மாடி வீட்டில் மூவருக்கும் மூச்சு புகையாக வந்தது. சன்னல் பிளாஸ்டிக் பிளேடால் நேர்கோடாகக் கிழிக்கப்பட்டிருந்தது. லூயெல்லா தொடாமல் பார்த்தாள். பிறகு ரேடியேட்டருக்கு அடியில் குனிந்து வெகுநேரம் நிமிரவில்லை.

"டெல்மர், உன் பெப்பர்மின்ட் உருண்டை ஒண்ணு குடு."

அதை ரேடியேட்டரின் மேல் வைத்தாள். அது குழாய் இருக்கும் பக்கம் போகாமல், எதிர்முனைக்கு உருண்டு போய்த் தரையில் விழுந்தது. டெல்மர் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஹாக் வந்தார். "சாவி எங்கே?"

"உட்காருங்க, மிஸ்டர் ஹாக். இது நீராவி ரேடியேட்டர். ஆவி ஆறித் தண்ணியானா, வந்த குழாய் வழியாவே இறங்கிடணும். அதுக்காகக் குழாய்ப் பக்கம் தாழ்வா, கடைசிப் பக்கம் கட்டை குடுத்து உயரமா வைப்பாங்க. உள்ளே தண்ணி நிக்கலேன்னா எந்தக் குளிரும் இதை வெடிக்க வைக்காது. இங்க தலைகீழா இருக்கு. கடைசிப் பக்கம் தரையில பெயின்ட் படாத சதுரம் தெரியுது பாருங்க. நூறு வருஷமா நின்ன கட்டையை யாரோ எடுத்துட்டு, குழாய்ப் பக்கம் புதுசா ஒண்ணு சொருகியிருக்காங்க."

"அவதான் சொருகியிருப்பா!"

"சொருகிட்டு, தான் ஒட்டின பிளாஸ்டிக்கைத் தானே பிளேடால கிழிச்சாளா?"

அப்போதுதான் டெல்மர் குனிந்து பார்த்தான். குழாய்ப் பக்கத்துக் கட்டை பச்சையாக இருந்தது. குருவிக்கூட்டில் மிஞ்சிய துண்டு. வாயில் பெப்பர்மின்ட் கசந்தது.

ஹாக் அவனைப் பார்த்துச் சிரித்தார். "டெல்மர், என் இன்னொரு வீட்டு மாடியறையில நீ மாச வாடகைக்குத்தானே இருக்கே? எழுத்துல ஒப்பந்தம் ஒண்ணும் கிடையாதே?"

தன் அறை, கட்டில், ஒழுகினாலும் தன்னுடையதான குழாய், எல்லாம் அவன் கண்முன் வந்தன. ஜோலீன் மகளின் பூட்ஸை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். டெல்மர் நிமிர்ந்தான்.

"நான்தான் வெச்சேன்," என்றான். "சத்தம் போடுது, அந்தக் கட்டையை எடு, இந்தப் பக்கம் வைன்னு நீங்கதான் காட்டினீங்க. நீங்கதான் கதவும் திறந்துவிட்டீங்க. கூலியா ஒரு துண்டு ஆப்பிள் கேக் குடுத்தீங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"மாசக் கடைசிக்குள்ள நீ வெளியே!" ஹாக் கதவை அறைந்துவிட்டு இறங்கினார். சாவியைக் கேட்கவில்லை.

ஜோலீன் பூட்ஸைக் கதவோரம் பழைய இடத்தில் வைத்தாள்.

படியிறங்கும்போது டெல்மர் கேட்டான்: "பச்சையை எப்பப் பார்த்தீங்க?"

"குனிஞ்ச உடனே."

"பின்னே ஏன் சொல்லல?"

"நான் சொன்னா ஊகம். நீ சொன்னாத்தான் சாட்சி." அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். "என் பின்னறையில பழைய பத்திரப் பெட்டிங்கதான் கிடக்கு. ஒதுக்கினா ஒரு கட்டில் போடலாம். ரேடியேட்டர் பக்கம் மட்டும் போயிடாதே."